வெங்காயத்தாமரைச் சீர்வரிசை

ஆகஸ்ட் 9, சனி

பாத்திரக்கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த இந்த டைரியில் இதுவரை பந்தல் முன்பதிவுகளை மட்டும்தான் எழுதிவந்தேன். இன்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. வாகைக்குறிச்சிக் கண்மாய் சுத்தமாகிவிட்டது. சுத்தம் செய்தது நான்.

நான் என்றால் சோலைராசன். சோலை பந்தல் நிலையத்தின் உரிமையாளர், கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கத்தின் தலைவர். சொந்த டைரியில் இதையெல்லாம் எழுதத் தேவையில்லைதான். எழுதினால் நன்றாக இருக்கிறது.

சில வருடங்களாகவே கண்மாயை வெங்காயத்தாமரை மூடிக் கிடந்தது. ஊர்ச் சாக்கடை சேர்வதால் எங்கள் கண்மாய் கோடையிலும் வற்றாது. அதைத் தின்று இந்தச் செடி கொழுத்தது. சிக்கந்தரின் பசுமாடு புல்தரை என்று நினைத்துக் காலை வைத்து உள்ளே போய்விட்டது. கயிறு போட்டு இழுத்தோம். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள், காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

இந்த வாரம் ஆற்றில் தண்ணீர் திறந்ததில் கண்மாய் நிறைந்து, உபரித் தண்ணீர் கலுங்கு வழியாக மறுகால் போனது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பந்தல் மூங்கில்களை எடுத்துக்கொண்டு ஆட்களோடு இறங்கி, செடி மொத்தத்தையும் கலுங்குப் பக்கம் தள்ளினேன். தண்ணீரே அள்ளிக்கொண்டு போய்விட்டது. இவ்வளவு சுலபமான வழி இத்தனை நாள் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

சிக்கந்தர் எங்கள் சங்கச் செயலாளன். டிராக்டர் வைத்திருக்கிறான். எதிலும் ஒரு குறை கண்டுபிடிப்பான். கலுங்கில் நின்று கேட்டான்: "ஏண்ணே, இது இங்கருந்து எங்கண்ணே போகும்?"

"போற எடத்துக்குப் போகும். நீ மூங்கிலப் பிடி."

சாயங்காலம் கரை நெடுக சீரியல் செட் போட்டேன். தண்ணீரில் விளக்குகள் தெரிந்தன. என் மனைவி தமயந்தியை அழைத்துவந்து காட்டினேன். பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா கீழ நம்ம சுகன்யா ஊரு இருக்குங்க" என்றாள்.

எனக்குத் தெரியாதா? மகளைக் கட்டிக்கொடுத்த கீழப்பனங்குடிக்கும் எங்களுக்கும் நடுவில் நெடுமடைக் கண்மாய் இருக்கிறது. அத்தனை தூரம் ஒரு செடி போகுமா?

ஆகஸ்ட் 13, புதன்

காதுகுத்து வீட்டில் சாமியானா கட்டிக்கொண்டிருந்தபோது நெடுமடை அருளானந்து சார் போன் செய்தார். பள்ளிக்கூட வாத்தியார், அந்த ஊர்ச் சங்கத் தலைவர். "ஒங்க ஊர்ச் செடி எங்க கண்மாய்க்கு வந்திருக்கு போலருக்கு, தலைவரே" என்றார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். மரியாதையாகப் பேசியதுதான் சங்கடம்.

"நீங்களும் கலுங்குப் பக்கம் தள்ளி விட்டுருங்க சார். அரை நாள் வேல" என்று வழி சொல்லிக்கொடுத்தேன். நல்ல மனுஷர். நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அருளானந்து சார் தள்ளிவிட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

சம்பந்தியம்மா பேசினார்.

இவரைப் பற்றி எழுதவேண்டும். பெயர் பஞ்சவர்ணம். கீழப்பனங்குடிக் கண்மாய்ச் சங்கத் தலைவி. என் ஒரே மகள் சுகன்யாவின் மாமியார். போன தை மாதம் கல்யாணம் நடந்தது. அன்றைக்குப் பந்தலின் ஒரு மூலை லேசாக இறங்கியது. காற்று. அவ்வளவுதான் விஷயம். "பந்தக்காரரு மக கல்யாணத்துலயே பந்தல் நிக்கலையே" என்று அந்த அம்மாள் சபையில் சொன்னார். நானும் ஒன்று சொன்னேன். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் அளந்த பேச்சுதான்.

இப்போது சுகன்யா மாசமாக இருக்கிறாள். வளைகாப்பு மாமியார் வீட்டில், பிறகு தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வருவாள். அந்த நாளை நினைத்துக்கொண்டுதான் நான் இந்த வருடத்தையே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

"சம்மந்தி, ஒங்க வெங்காயத்தாமர எங்க கண்மாய்ல எறங்கியிருக்கு. மடையெல்லாம் அடச்சுக்கிருச்சு."

"தண்ணியில எது வருது எது போகுதுன்னு நான் என்ன காவலா இருக்க முடியும்?"

"எங்க ஊருக்குக் கீழ கண்மாய் கெடையாது. நாங்க யாரு மேல தள்ளிவிடுறது? அது எங்க கண்மாய விட்டுப் போறவரைக்கும் ஒங்க காலு எங்க வாசப்படியில படக்கூடாது. வளைகாப்புக்குத் தமயந்தி மதினி மட்டும் வரட்டும், புள்ளையக் கூட்டிட்டுப் போகட்டும். பந்தலுக்கும் டவுன்ல ஆளு சொல்லியாச்சு."

வைத்துவிட்டார். டவுன் ஆள். என் மகள் வளைகாப்புக்கு டவுன் ஆள் பந்தல் போடுவான், நான் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கவேண்டும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

தமயந்தி எந்நேரமும் போனில் இருக்கிறாள். கேட்டால் "தங்கச்சி கூட" என்கிறாள். அவள் தங்கச்சி துபாயில் இருக்கிறாள். அவளிடம் மடை, கலுங்கு, தாம்பாளம் என்று என்ன பேச்சோ. போன் பில் எகிறப்போகிறது என்றேன். "ஃப்ரீ கால்தான், நீங்க போயி குளிங்க" என்றாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்று என் மானம் வேனில் வந்து இறங்கியது.

காலையில் மேளச்சத்தம் கேட்டு வெளியே வந்தேன். கீழப்பனங்குடிப் பெண்கள் வரிசையாகத் தாம்பாளங்களோடு எங்கள் தெருவில் வருகிறார்கள். முன்னால் சம்பந்தியம்மா, கையில் கறுப்புக் குடை. ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, ஒரு தட்டில் தேங்காய் பழம், மஞ்சள் குங்குமம். மற்றத் தட்டுகளில் எல்லாம் வெங்காயத்தாமரை. வேர் தொங்க, ஊதாப் பூப் பூத்து, தண்ணீர் சொட்டச் சொட்ட.

வீட்டு வாசலில் நின்று தெருவே கேட்கும்படி சொன்னார்: "பொண்ணு வீட்டுலருந்து வந்த சீரு ரொம்ப அதிகம். எங்களுக்கு வச்சுக்கிற எடமில்ல. அதான் முறையாத் திருப்பிக் கொண்டாந்திருக்கோம்."

தெருவில் ஒருவர் பாக்கியில்லை. மாடிமேல் நின்றெல்லாம் பார்த்தார்கள். சீர்த் தட்டு வாசலுக்கு வந்தால் வாங்காமல் அனுப்பக்கூடாது. அது எதுவாக இருந்தாலும். நான் வாயைத் திறப்பதற்குள் தமயந்தி பட்டுப்புடவையில் வெளியே வந்து, ஆரத்தி சுற்றி, ஒவ்வொரு தட்டாக வாங்கி, எல்லோருக்கும் குங்குமம் கொடுத்தாள். வந்திருந்த அத்தனை பேருக்கும் கேசரியும் காபியும் தயாராக இருந்தன. அவள் எப்போதுமே கொஞ்சம் முன்யோசனைக்காரி.

சம்பந்தியம்மா மட்டும் படி ஏறவில்லை. காபியைத் தெருவில் நின்றே குடித்தார்.

எல்லோரும் போன பிறகு சிக்கந்தர் ஒரு பூவைக் கிள்ளிக் காதில் வைத்துக்கொண்டு சொன்னான்: "அண்ணே, சீரு வாங்கிட்டா எதிர்ச்சீரு செய்யணும்ணே."

செப்டம்பர் 9, செவ்வாய்

ஒரு மாதமாகக் கண்மாய்ப் பக்கம் போகவில்லை. இன்று போனேன். நாணல் ஓரத்தில் ஒரு திட்டு, மேற்கு மடைப் பக்கம் ஒரு திட்டு. தள்ளியபோது ஒதுங்கி நின்ற துண்டுதுணுக்கெல்லாம் குட்டி போட்டுப் பரவி, நடுக்கண்மாய் வரை மறுபடி மூடியிருக்கின்றன. மகள் வீட்டுக்கும் அனுப்பியாகிவிட்டது, எனக்கும் மிச்சம் இருக்கிறது. கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பந்தல் சாமான் கணக்குப் பார்க்க மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 13, சனி

நெடுமடைப் பள்ளிக்கூடத்தில் மூன்று ஊர்க் கூட்டம். கூட்டியது நான். குழந்தைகள் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்தோம்.

"மூணு ஊரும் சேந்து செய்யணும். மேல இருந்து கீழ வரணும், மாத்தி வந்தா வேல வீண். தண்ணியில தள்ளக்கூடாது, அள்ளி வெளிய கொண்டுபோகணும். ஒவ்வொரு கலுங்குலயும் வேலி போடணும்" என்று கணீரென்று பேசினேன். காலையில் இட்லி வைக்கும்போது தமயந்தியும் ஏறக்குறைய இதையேதான் சொன்னாள். நான் ஏற்கெனவே நினைத்து வைத்திருந்ததுதான்.

சம்பந்தியம்மா குடைக்கம்பியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எதற்கென்று தெரியவில்லை.

கீழப்பனங்குடிக்காரர் ஒருவர் எழுந்து, "செடி அனுப்புனது அவங்க. அவங்க கண்மாய்ல நாங்க எதுக்கு எறங்கணும்?" என்றார். நியாயமான கேள்வி. சம்பந்தியம்மா திரும்பி, "மேல அழுக்கு இருக்கிறவரைக்கும் கீழ தொடச்சுக்கிட்டே இருக்கப் போறியா? ஒக்காரு" என்றார். அவர் உட்கார்ந்தார். நான் கூட உட்கார்ந்துவிட்டேன்.

வேலி நான் செய்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இதுதான் எதிர்ச்சீர். மூங்கிலைப் படுக்கவைத்து, தண்ணீர்க் கேன்களைக் கட்டி மிதக்கவிட்டு, கீழே வலையைத் தொங்கவிட வேண்டும். தண்ணீர் போகும், செடி போகாது. பந்தலைப் படுக்கவைத்த மாதிரிதான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

எங்கள் கண்மாயில் வேலை ஆரம்பம். கீழப்பனங்குடியிலிருந்து இரண்டு வேன், நெடுமடையிலிருந்து ஒரு லாரி நிறைய ஆட்கள். இரண்டு பக்கமும் வடம் பிடித்து இழுத்தோம். பச்சைப் பாய் மொத்தமாக நகர்ந்து வந்தது. வேரெல்லாம் கறுத்து நாறியது. உள்ளேயிருந்து தண்ணீர்ப்பாம்பு ஒன்று வந்து அருளானந்து சார் வேட்டிமேல் ஏறியது. வாத்தியார் அவ்வளவு வேகமாக ஓடுவார் என்று அவருடைய மாணவர்களுக்கே தெரியாது. சிரித்துச் சிரித்து வடத்தை விட்டுவிட்டோம். மறுபடி முதலிலிருந்து இழுத்தோம்.

அள்ளியதைக் கரையிலேயே குவிக்கச் சொன்னேன். சம்பந்தியம்மா குடையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"ஒரு மழ பேஞ்சா மறுபடியும் தண்ணிக்குள்ளதான் வரும். அங்கிட்டுப் பொறம்போக்குல குழி வெட்டிப் போடச் சொல்லுங்க, எருவாகும்."

"டிராக்டர் எத்தன நடை போகும்?"

"போகட்டும். ஒங்க டிராக்டர் தானே."

"என் டிராக்டர்மா" என்றான் சிக்கந்தர். அவனை யாரும் கவனிக்கவில்லை.

மதியத்துக்கு மேல் நடுக்கண்மாய் திறந்தது. பிள்ளைகள் கல் எறிந்தார்கள். தொப்பென்று சத்தம் கேட்டது. எங்கள் கண்மாயில் கல் விழும் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று. நானும் இரண்டு கல் எறிந்தேன். சம்பந்தியம்மா பார்த்துவிட்டார். பார்த்தால் பார்க்கட்டும்.

அக்டோபர் 5, ஞாயிறு

நெடுமடையும் முடிந்தது, இரண்டு ஊர்க் கலுங்கிலும் வேலி கட்டியாயிற்று. உடம்பில் வலிக்காத இடம் இல்லை. தமயந்தி தைலம் தேய்த்தாள், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே.

அக்டோபர் 12, ஞாயிறு

கீழப்பனங்குடி. வீட்டுப்பக்கம் போகவில்லை. வேனைக் கண்மாய்க் கரையில் நிறுத்தி அப்படியே இறங்கிவிட்டேன். இடுப்பளவு சேறு. கண்மாய் முழுவதும் நான் அனுப்பிய செடி. எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் அதை அள்ளிக்கொண்டிருக்கிறார்கள். அன்றைக்கு சீரியல் செட் போட்டது ஞாபகம் வந்தது. தலை நிமிராமல் வேலை பார்த்தேன்.

மதியம் சுகன்யா தூக்குவாளியோடு மெதுவாகக் கரையில் நடந்து வந்தாள். வயிறு நன்றாகத் தெரிகிறது. முகம் பூரித்திருக்கிறது. பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

"ஏப்பா, எங்க கண்மாய்க்குள்ள வரலாம், எங்க வீட்டுக்குள்ள வரக்கூடாதா?"

"ஒங்க அத்தையக் கேளு."

"கேட்டேன். அவுக வாயில இருந்து வந்துருச்சாம். திரும்ப எடுக்க முடியலையாம்."

தயிர்சோறும் மாவடுவும். வாளியை வழித்துச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 18, சனி

விடியும்போது பிடித்த மழை. அடைமழை. மூன்று கண்மாயும் ஒரே நாளில் ஏறுகின்றன. வேலி நிற்குமா என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலி போனால் நாணலில் ஒளிந்திருப்பதெல்லாம் ஒரே ஓட்டமாகக் கீழப்பனங்குடிக்குப் போய்விடும். வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது.

சிக்கந்தரின் டிராக்டரில் நனைந்துகொண்டே போனேன். எங்கள் வேலி நின்றது. நெடுமடைக் கலுங்கில் சம்பந்தியம்மா எனக்கு முன்பே வந்து குடையோடு நின்றுகொண்டிருந்தார். வேலியின் ஒரு மூலை தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது.

"எறங்குது சம்மந்தி."

"காத்து."

"பந்தலுக்கும் இதத்தான் சொன்னீங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கோபப்பட நேரமில்லை. கேன் ஒன்று பிய்த்துக்கொண்டு போயிருந்தது. சிக்கந்தர் வேறு கேன் எடுக்க ஓடினான். நான் தண்ணீரில் இறங்கி மூங்கிலைத் தூக்கிப் பிடித்தேன். தனி ஆளாக முடியவில்லை. திரும்பிப் பார்த்தால் சம்பந்தியம்மா குடையைக் கரையில் போட்டுவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு கயிற்றை இழுத்துப் பிடித்திருக்கிறார். மழை முகத்தில் அடிக்கிறது. கண்ணைத் திறக்க முடியாமல், "கட்டுங்க, கட்டுங்க, நான் விட மாட்டேன்" என்கிறார். கட்டினேன். என் தொழிலில் அப்படி ஒரு முடிச்சு நான் போட்டதில்லை.

வேலிக்கு மேற்புறம் செடிகள் வந்து முட்டி முட்டி நின்றன. ஒன்றும் தாண்டவில்லை. அவர் குடை காற்றில் பறந்து நடுக்கண்மாயில் கவிழ்ந்து மிதந்தது. அதுவும் வேலியில் வந்து நின்றது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

கிளம்பும்போது வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "டவுன்காரனுக்குத் தீவாளி நேரத்துல ஆளு கெடைக்கலையாம். பந்தல நீங்களே போட்டுருங்க."

வீட்டுக்கு வாங்க என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ராத்திரி தமயந்தியிடம் விஷயத்தைச் சொன்னேன். "அப்படியா" என்றாள். ஆச்சரியப்படுகிறவள் மாதிரித் தெரியவில்லை.

அக்டோபர் 31, வெள்ளி

வளைகாப்பு. நேற்றே போய்த் தெருவை அடைத்துப் பந்தல் போட்டேன். ஒரு காலுக்கு இரண்டு கால் நட்டேன். யானை வந்து சாய்ந்தாலும் நிற்கும்.

காலையில் எல்லோரும் உள்ளே போனார்கள். நான் முடிச்சுகளைச் சரிபார்த்துக்கொண்டு வெளியே நின்றேன். வாசப்படியில் கால் படக்கூடாது என்று சொன்னவர் வா என்று சொல்லவேண்டும். அதுவரை போகமாட்டேன். மருமகன் வந்து கூப்பிட்டார். "இந்த மூல சரியில்ல மாப்ள, பாத்துட்டு வாரேன்" என்றேன். உள்ளே வளையல் சத்தம் கேட்டது. குலுங்கக் குலுங்க சுகன்யா சிரிக்கும் சத்தமும் கேட்டது. நான் அதே மூலையை நாலாவது முறையாகக் கட்டினேன்.

அப்போதுதான் அருளானந்து சார் வந்தார். வரும் வழியில் மறுகால் ஓடையில், வேலிக்கு இந்தப் பக்கம், ஊதாப் பூ ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னார். அவர் சொன்னது என்னிடம்தான். ஆனால் உள்ளேயிருந்து சம்பந்தியம்மா சந்தனக் கிண்ணத்தோடு வெளியே வந்துவிட்டார்.

"எங்க? எந்தப் பக்கம்?"

பட்டுச்சேலையோடு அவர் முன்னால், பட்டுவேட்டியோடு நான் பின்னால். எங்களுக்குப் பின்னால் மூன்று ஊர் விருந்தாளிகள், முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் உட்பட. ஓடையில் இறங்கித் தேடினோம். மூன்று செடி. ஒன்றில் பூ. வேரோடு பிடுங்கி, ஒரு இலைகூட விடாமல் சிக்கந்தரின் சட்டைப்பைக்குள் திணித்தோம். அவன் புதுச்சட்டை.

சேறும் சகதியுமாக வாசலுக்குத் திரும்பினோம். நான் வழக்கம்போலப் பந்தல் காலிடம் ஒதுங்கினேன். சம்பந்தியம்மா படியேறியவர் நின்றார். உள்ளே போய் ஒரு குடம் தண்ணீரோடு வந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கால நீட்டுங்க" என்று அவரே தண்ணீரை ஊற்றினார். "கழுவிட்டு உள்ள வாங்க, சம்மந்தி. ஒங்க மக காலையில இருந்து வாசலையே பாத்துக்கிட்டிருக்கா."

போனேன். சுகன்யா எழுந்து வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வளையல் முழங்கை வரைக்கும். நான் அழுதேன் என்று சிக்கந்தர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அழுதேன்தான். அதனால் என்ன? புளியோதரை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் மகளை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம்.

ஜனவரி 9, வெள்ளி

பேத்தி. தாயும் பிள்ளையும் நலம். புது டைரியில் இன்று வேறு எதுவும் எழுதமுடியாது.

பிப்ரவரி 14, சனி

மூன்று ஊர் ஏற்பாட்டின்படி சனிக்கிழமை தோறும் ஒரு ஊர்த் தலைவர் இன்னொரு ஊர்க் கண்மாயைப் பார்வையிட வேண்டும். முறை வைத்துத்தான் எழுதியிருந்தோம். ஆனால் பேத்தி பிறந்ததிலிருந்து எங்கள் கண்மாய்க்குச் சம்பந்தியம்மாதான் வருகிறார். அருளானந்து சார் முறை கேட்பதை விட்டுவிட்டார்.

இன்றும் வந்தார். குழந்தையைக் குளிப்பாட்டினார், சாம்பிராணி போட்டார், தூங்கவைத்தார். தமயந்தியும் அவரும் அடுக்களையில் பேசிச் சிரித்துக்கொண்டேயிருந்தார்கள். நான் போனதும் நிறுத்திவிட்டார்கள். இரண்டு பேரும் இவ்வளவு சீக்கிரம் இப்படி ஒட்டிக்கொண்டது எனக்கு ஆச்சரியம்தான். துபாய்த் தங்கச்சியோடு தமயந்தி இப்போது பேசுவதே இல்லை.

வெயில் தாழ்ந்ததும் கண்மாய்க்குப் போனோம். கரை முழுவதும் நடந்து பார்த்தோம். நாணலை விலக்கிப் பார்த்தோம். மடையில் குனிந்து பார்த்தோம். தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. போன வாரமும் ஒரு செடி இல்லை. அதற்கு முந்தின வாரமும் இல்லை. இன்றும் ஒன்றுகூட இல்லை.

சம்பந்தியம்மா குடை நுனியால் கரைச் சேற்றைக் குத்திப் பார்த்தார்.

"வெத சேத்துக்குள்ள வருசக்கணக்கா இருக்குமாம் சம்மந்தி. இத நம்ப முடியாது. அடுத்த வாரமும் வந்து பாக்கணும்."

"நம்பவே கூடாது" என்றேன்.